தாம்பூலப் பையில் பூசணி முகம்: மூன்று வயசுக்காரிக்கு ஒரு ஹாலோவீன் பை

கேள்வி: 2024 அக்டோபர் 5, சனி

மகளுக்கு மூன்று வயது. போன வருஷம் ஹாலோவீன் அன்று தள்ளுவண்டியிலேயே தூங்கிவிட்டாள். இந்த வருஷம்தான் நடந்து போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கப் போகிறாள். கடையில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பூசணி வாளி இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கிறது. மனைவியோ "ஒரு பையைக்கூட நம்மால் செய்ய முடியாதா?" என்கிறாள். எங்கள் இருவருக்கும் தையல் தெரியாது, மிஷினும் இல்லை. வாளியே போதும் என்பது என் கட்சி. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 5, இரவு

நான் உங்கள் மனைவி கட்சி. நாங்களும் நியூ ஜெர்சிதான், எடிசன் பக்கம். எங்கள் வீட்டிலும் மூன்று வயசுக்காரி ஒருத்தி இருக்கிறாள்.

வாளியில் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு: வாய் எப்போதும் திறந்தே இருக்கும். மற்றபடி எல்லாம் தொல்லை. நடக்க நடக்க முழங்காலில் இடிக்கும். கைப்பிடி என்பது இரண்டு ஓட்டையில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை, பாரம் ஏறினால் ஒரு பக்கம் கழன்றுகொள்ளும். கீழே வைத்தால் உருளும். இங்கே முக்கால்வாசி வீடுகளில் வாசலுக்கு நாலைந்து படி இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். மிச்சமிருக்கும் ஒரு கையில் வாளியை என்ன செய்யும்?

தையல் தெரியாதா, சரி. ஊரிலிருந்து வந்த தாம்பூலப் பை ஒன்றாவது வீட்டில் இருக்குமே? கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கும் மஞ்சள் துணிப்பை. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கட்டே இருக்கிறது. தூக்கிப் போட மனசு வராது, உபயோகமும் கிடையாது. பருத்தி, அளவாக இருக்கும், கைப்பிடி ஏற்கெனவே தைத்திருக்கும், நிறமும் கிட்டத்தட்டப் பூசணி. இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

அதில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அச்சடித்திருக்கும். அந்தப் பக்கத்தின் மேலேயே முகத்தை ஒட்டிவிடலாம், இல்லாவிட்டால் பையை உள்வெளியாகத் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் ஒன்றுவிட்ட தம்பி கல்யாணப் பையைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அளவு கேட்டிருந்தார் ஒருவர். பையை அளக்காதீர்கள், முதலில் குழந்தையை அளங்கள். அன்று போடப்போகும் ஷூவோடு நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு, மூடிய விரல் முட்டியிலிருந்து தரைவரை. எங்களவளுக்குப் பதினைந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பையின் உயரமும் கைப்பிடியின் தொங்கலும் சேர்ந்து இதைவிட நாலு அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். பதினைந்து என்றால் பதினொன்று. படியில் ஏறும்போது பையின் அடி மேல்படியில் இடிக்காமல் இருக்க அந்த நாலு அங்குலம் தேவை. பாரம் ஏறினால் துணி இன்னும் கொஞ்சம் இழுபடும்.

தாம்பூலப் பை சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம் இருக்கும். அதற்கு மேல் கைப்பிடி வேறு. அப்படியே கொடுத்தால் தரையில் இழுத்துக்கொண்டுதான் வருவாள், நாலு வீடு போவதற்குள் அடியில் ஓட்டை விழும். கடைகளில் விற்கும் துணிப்பைகளிலும் இதே கோளாறுதான். பெரிய பிள்ளைக்கு வெட்டிய பையில் சின்னப் பிள்ளை படத்தைப் போட்டு விற்கிறார்கள்.

அதனால் கைப்பிடியைப் பிரித்துவிட்டு, வாயை உள்பக்கமாக இரண்டு அங்குலம் மடியுங்கள். பை குட்டையாகிவிடும். கைப்பிடியை ஆறேழு அங்குலத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் அந்த மடிப்புக்குள்ளே நுழைத்துத் தையுங்கள். மடித்து நிற்கும்போது மூன்று அங்குலம் தொங்கினால் போதும்.

அக்டோபர் 6, பிற்பகல்

விட்டுப்போனது. கைப்பிடி முனையைச் சும்மா ஒரு கோடு தைத்து விடாதீர்கள். சின்னச் சதுரமாகத் தைத்து, அதற்குள் ஒரு பெருக்கல் குறி. கையால் தைத்தாலும் இரட்டை நூலில் பின்தையல் (ஒவ்வொரு தையலையும் முந்தினது முடிந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் போடுவது) போட்டால் நிற்கும். தையல் தெரியாது என்கிறவர்கள்கூட இதைச் செய்யலாம், உள்ளே மறைகிற இடம்தான், அழகு யாரும் பார்க்கப் போவதில்லை. பை கிழிவது துணியில் இல்லை, இந்த இணைப்பில்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

"தோளில் மாட்டுகிற மாதிரி நீளமான வார் வைத்தால் கை இரண்டும் காலியாக இருக்குமே?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான யோசனை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வயதுக்கு வேண்டாம். குறுக்கே மாட்டிய நீள வார் எதிலாவது சிக்கினால் கழுத்தில் இழுக்கும். அமெரிக்காவில் குழந்தைகளின் மேலாடையில் கழுத்துப் பக்கம் நாடாக் கயிறு வேண்டாம் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1996லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது இதனால்தான். விளையாட்டுச் சறுக்கில் சிக்கி, பஸ் கதவில் சிக்கி நடந்த விபத்துகள். கையில் பிடிக்கும் சின்னக் கைப்பிடியென்றால் சிக்கினால் கையை விட்டுவிடும், அவ்வளவுதான்.

அதோடு ஹாலோவீன் உடைக்கு மேலே ஏற்கெனவே இறக்கை, வால், தொப்பி என்று என்னென்னவோ தொங்கும். வாரை எங்கே மாட்டுவது?

அக்டோபர் 9

வாய் திறந்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். துணிப்பையின் பெரிய குறை அதுதான். பக்கத்து வீட்டு அம்மா குனிந்து மிட்டாயை நீட்டுவார். குழந்தை ஒரு கையில் பையைப் பிடித்திருக்கும், பை வாயை மூடிக்கொண்டு தொங்கும். அதைத் திறக்க இன்னொரு கை வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கும் டைனோசார்கள் பொறுமை இழக்கும்.

இரண்டு அங்குலம் மடித்தோமே, அந்த மடிப்பின் ஓரத்தைச் சுற்றித் தைத்தால் அது ஒரு குழாய். அதற்குள்ளே விறைப்பாக ஒரு பட்டை கொடுத்தால் வாய் வட்டமாக நிற்கும். சீரியல் டப்பா அட்டை வேண்டாம், ஒரு தடவை மடங்கினால் போச்சு, ஈரம் பட்டாலும் போச்சு. ஒரு கேலன் பால் கேனை எடுத்துக் கழுவி, நடு உடம்பிலிருந்து ஓர் அங்குல அகலத்துக்குச் சுற்றி வெட்டுங்கள். சுற்றளவு இருபது அங்குலத்துக்கு மேல் வரும், ஒன்பது அங்குல அகலப் பைக்குத் தாராளம். மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டிவிடலாம். வெட்டின முனைகளைக் கத்தரியால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியைக் குத்தி வெளியே வரும்.

இதைச் செய்த பிறகு பார்த்தால், வாளியின் ஒரே நல்ல குணமும் பைக்கு வந்துவிட்டது. கேள்வி கேட்டவர் இன்னும் வாளிக் கட்சியிலா இருக்கிறார்?

அக்டோபர் 10

டெக்சாஸிலிருந்து ஒருவர்: "தாம்பூலப் பையெல்லாம் தேட வேண்டாம், மளிகைக்கடைப் பையில் கறுப்பு ஃபெல்ட் (கம்பளி மாதிரிக் கெட்டித் துணி) வெட்டி அயர்ன் பண்ணி ஒட்டினால் முடிந்தது."

பை இருப்பது உண்மை. நியூ ஜெர்சியில் 2022 மே 4 முதல் பெரிய மளிகைக்கடைகளில் பிளாஸ்டிக் பை மட்டுமல்ல, காகிதப் பையும் கிடையாது. அதிலிருந்து வீட்டுக்கு வீடு கார் டிக்கி நிறைய அந்த மறுபயன்பாட்டுப் பைகள்தான். ஆனால் தயவுசெய்து அதன் மேல் அயர்ன் பாக்ஸை வைக்காதீர்கள். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரியை ஒட்டி வரும். பையில் ஓட்டை விழுவது இருக்கட்டும், பெட்டியின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சுரண்டுவது தனிக் கதை.

அந்தப் பையில்தான் செய்வேன் என்றால் சூடு இல்லாமல் துணிப்பசை போட்டு ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஊசி நூல். ஆனால் அந்தப் பைகள் பெரியவை, மூன்று வயதுக் குழந்தையையே உள்ளே உட்கார வைக்கலாம்.

பருத்திப் பையில் ஒட்ட: இரண்டு பக்கமும் ஒட்டும் அயர்ன் பசைத்தாள் கைவினைக் கடையில் கிடைக்கும். முதலில் தாளை ஃபெல்ட்டின் பின்னால் வைத்து, தாள் பக்கத்தில் அயர்ன் செய்ய வேண்டும். கண், மூக்கு, பல்லை வெட்டுங்கள். தாளை உரித்துவிட்டுப் பையில் வைத்து மறுபடி சூடு. மலிவான ஃபெல்ட் பாலியஸ்டர், அதற்கும் நேர்ச் சூடு ஆகாது, மேலே ஒரு பழைய வேட்டித் துண்டு போட்டுத் தேயுங்கள். இதையெல்லாம் வாய்ப் பட்டை நுழைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும், பால் கேனும் உருகும்.

அக்டோபர் 13, ஞாயிறு

மேலே எழுதிய பசைத்தாள் புராணத்தை என் மாமியார் இரண்டே வரியில் முடித்துவிட்டார். கோடையிலிருந்து எங்களோடு இருக்கிறார், கும்பகோணம். நான் சாப்பாட்டு மேஜையில் அயர்ன் பாக்ஸ், தாள், வேட்டித் துண்டு எல்லாம் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்தக் கண்ணு மூக்கு ஒட்டவா இவ்வளவு கோந்து? வீட்ல ஊசி நூல் இல்லீங்களா?" என்றார். "பேப்பர்லயே ஒட்டிரும்னு போட்டிருக்கான் அத்தை" என்றேன். பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் ஒரு கண் முடிந்திருந்தது.

அவர் போட்டது ஓரத்தைச் சுற்றி வரும் காஜாத் தையல். ஃபெல்ட் நூல் பிரியாது, ஓரம் மடிக்க வேண்டாம், அதனால் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான துணி இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மூக்கைத் தைத்தேன். கோணல்தான், ஆனால் பூசணி மூக்கு கோணலாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆக என் இப்போதைய சிபாரிசு: பசைத்தாளால் நகராமல் பிடித்துவைத்து, ஓரத்தைக் கையால் தையுங்கள். அவசரத்துக்கு ஒட்டினது மட்டும் போதும், ஒரு ராத்திரி தாங்கும்.

அக்டோபர் 13, இரவு

அத்தை சேர்த்த இன்னொரு திருத்தம். பையின் இரண்டு அடி மூலையையும் உள்பக்கம் திருப்பி, முக்கோணமாக மடித்து, மூலையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரு தையல். பைக்கு அடித்தட்டு வந்துவிடும், கீழே வைத்தால் உட்காரும். ஓர் அங்குல உயரமும் குறையும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். இதைத் தாம்பூலப் பை தைப்பவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்டேன். "தேங்கா உருண்டைதானுங்களே, அதுக்கு எதுக்கு உக்கார்ற பை?"

அக்டோபர் 16

இருட்டு. 2007 முதல் அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறுவரை நீள்கிறது, அதனால் ஹாலோவீன் எப்போதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் அன்று சூரியன் மறைவது மாலை 5:55 வாக்கில். சின்னக் குழந்தையோடு ஐந்து மணிக்கே கிளம்பினால் பாதி வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். ஆனாலும் ஒளி பிரதிபலிக்கும் டேப்பை இரண்டு அங்குல அகலத்துக்குப் பையின் இரண்டு பக்கமும் அடிப்பக்கமாகத் தைத்துவிடுங்கள். கார் விளக்கு கொஞ்சம் கீழ்நோக்கித்தான் அடிக்கும், பையும் தாழ்வாகத்தான் தொங்கும். முதுகில் ஒட்டினால் இறக்கை மறைத்துவிடும், பையை எதுவும் மறைக்காது. ஒட்டும் டேப் துணியில் நிற்காது, தைக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 19, சனி

பெயர் எம்பிராய்டரி பற்றி: அழகாக இருக்கும், ஆனால் வெளியே போடாதீர்கள். முன்பின் தெரியாத ஆள் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழி வேண்டாம். வாயின் உள்மடிப்பில் உங்கள் ஃபோன் நம்பரை அழியாத பேனாவால் எழுதினால் போதும். பை தொலைந்தாலும் சரி, பைக்குச் சொந்தக்காரி தொலைந்தாலும் சரி.

அக்டோபர் 20

பெரிய சிக்கல். பூசணி வேண்டாமாம். யானை வேண்டுமாம்.

சரி, சாம்பல் நிற ஃபெல்ட்டில் இரண்டு காது, நீளமாக ஒரு தும்பிக்கை வெட்டி மஞ்சள் பையில் வைத்துப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. அத்தை வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இது பிள்ளையார்ங்க. இதைத் தரையில வைக்கக் கூடாது."

மஞ்சள் பின்னணி, தும்பிக்கை, பெரிய கண். உண்மைதான், மஞ்சள் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். ஹாலோவீன் பைக்குத் தரையில் வைக்காமல் இருக்க வழியில்லை. சாக்லேட் போடுகிற பை வேறு, மடி ஆசாரமெல்லாம் யார் பார்ப்பது? மகளோடு பேச்சுவார்த்தை நடத்தி, பூனை என்று முடிவானது. பூசணி முகத்துக்கு மேலே இரண்டு முக்கோணக் காது, இரண்டு பக்கமும் மூன்று மூன்று மீசை. பூசணியும் இல்லை, பூனையும் இல்லை, அவளுக்குச் சந்தோஷம். காதை மடிப்புக் குழாய்க்குள்ளேயே செருகித் தைத்ததால் நிமிர்ந்து நிற்கிறது.

குழந்தைகள் காப்பகத்தில் ஊர்வலம் உண்டு என்று கடிதம் வந்திருக்கிறது: பயமுறுத்தும் முகமூடி வேண்டாம், கடலைப் பொருள் வேண்டாம். பூனைக்கு ஆட்சேபம் இருக்காது.

அக்டோபர் 23

"சின்னப் பை வைத்தால் சீக்கிரம் நிறைந்துவிடுமே, தலையணை உறை கொடுக்க வேண்டியதுதானே" என்று கலிஃபோர்னியாக்காரர். தலையணை உறை இங்கே பழைய வழக்கம்தான், பெரிய பையன்கள் இன்னமும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்குச் சின்னப் பை வேண்டும் என்பதே அது நிறையும் என்பதற்காகத்தான். பை நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மூன்று வயதுக் குழந்தைக்குப் புரிகிறது. "எட்டு மணியாச்சு" புரிவதில்லை.

இந்த மிட்டாய் மலையெல்லாம் போருக்குப் பிந்தைய கதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் சர்க்கரை ரேஷன் 1942இல் தொடங்கி 1947வரை போனது, மிட்டாய் வாங்கும் வழக்கமும் அதோடு படுத்துவிட்டது. ரேஷன் முடிந்த பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. அப்போதும் ஆப்பிள், கடலை, வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டை, சில்லறைக் காசு என்றுதான் நிறைய வீடுகளில் போட்டார்கள். காசு என்றதும் ஞாபகம் வருகிறது: 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பாதிரியாரும் அவர் மனைவி மேரி எம்மா ஆலிசனும், குழந்தைகள் மிட்டாய்க்குப் பதிலாக யூனிசெஃபுக்குச் சில்லறை கேட்கலாமே என்று ஆரம்பித்தார்கள். முதலில் பால் டப்பாக்களில்தான் வாங்கினார்களாம், ஆரஞ்சு அட்டைப்பெட்டி பிறகு வந்தது. வீட்டில் கிடந்ததை எடுத்து வாசலுக்கு வாசல் நீட்டியிருக்கிறார்கள், நம் தாம்பூலப் பை அதற்குக் குறைந்ததா?

அக்டோபர் 26, சனி

இந்த வருஷம் கூத்து. தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், வியாழன், 31. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் பூனை.

இங்கே எழுதாத விதி ஒன்று உண்டு: வாசல் விளக்கு எரிந்தால் "வாருங்கள்", அணைந்திருந்தால் "எங்களை விடுங்கள்". அன்று நம்மவர் வீடுகளில் வாசலில் வரிசையாக அகல் எரியும், சரவிளக்கு தொங்கும். மிட்டாய் வாங்கி வைக்கவில்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து தட்டத்தான் போகிறார்கள். மிட்டாய் வாங்கிவிடுங்கள்.

"அதிரசமும் முறுக்கும் போடலாமா?" போடலாம், தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. மற்றவர்கள் பிரிக்காத கடைப் பொட்டலம் தவிர எதையும் குப்பையில்தான் போடுவார்கள். அத்தையின் அதிரசம் குப்பைக்குப் போவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

அகல் பற்றி ஒரு வார்த்தை, இது இந்தப் பைப் பேச்சுக்குச் சம்பந்தமுள்ளதுதான். படியில் வைத்த அகலின் சுடரும், மூன்று வயதுக் குழந்தையின் கையில் தொங்கும் பையும் ஒரே உயரத்தில் வரும். பருத்தி சட்டென்று பற்றும். இறக்கை, பாவாடை எல்லாமே அந்த உயரம்தான். நம் வாசலுக்கு அன்று நூறு பாவாடை வரும். படியில் மின்கல விளக்கு, எண்ணெய் அகல் மாடத்திலும் உள்ளேயும் என்று வைத்துக்கொண்டோம். அத்தைக்கு அரை மனசுதான்.

அக்டோபர் 27

ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால்? வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருக்கும் வீட்டைத் தேடுங்கள். அங்கே தின்பண்டம் அல்லாத ஏதாவது கிடைக்கும்: ஸ்டிக்கர், பென்சில், குட்டிப் பந்து. 2014 முதல் நாடு முழுக்க நடக்கும் ஏற்பாடு. பைக்குள் நடுவே ஒரு துணித் தடுப்பு தைத்து, ஒரு பக்கம் தின்பண்டம், மறுபக்கம் பொம்மை என்று பிரிக்கலாம் என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். நல்ல யோசனை.

அக்டோபர் 30, இரவு

மஞ்சள் சாயம் மழையில் இறங்குமா என்று கேட்டிருந்தார்கள். இறங்கும், தாம்பூலப் பைச் சாயத்தை நம்பவே முடியாது. ஒரு தடவை உப்புத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், தண்ணீர் மஞ்சளானால் தனியாகவே துவைத்துக் காயப் போடுங்கள். வெள்ளைப் பூனை உடைக்கு இந்தப் பை வேண்டாம்.

ஆனால் இந்த வருஷம் மழைக்குப் பயப்படுவதே பேராசை. அக்டோபர் முழுக்க நியூ ஜெர்சியில் மழை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. காடுகள் காய்ந்து கிடக்கின்றன. அகல் விஷயத்தை இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

பழைய ஆட்களுக்கு 2012 ஞாபகம் இருக்கும். சாண்டி புயல் 29ஆம் தேதி அடித்து, ஊரே இருட்டு. அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவு போட்டு ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார். பண்டிகையை அரசாங்கம் தள்ளிவைக்கும் என்று ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

போய் வந்தோம். 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய வெயில், அக்டோபர் கடைசியில்! உடைக்குள் போட வாங்கிய கம்பளி பனியன் பெட்டியிலேயே கிடக்கிறது.

பை பற்றி. வாய்ப் பட்டைதான் கதாநாயகன். அவள் பையை நீட்டவே இல்லை, சும்மா பக்கத்தில் தொங்கவிட்டு நின்றாள், எல்லோரும் குனிந்து போட்டுவிட்டுப் போனார்கள். கைப்பிடி மெல்லிசாக இருப்பதால் பாரம் ஏறினதும் விரலை அறுத்தது. அங்கேயே என் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன். கைப்பிடியைத் தைக்கும்போதே உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்து உருட்டித் தைத்துவிடுங்கள்.

பூனைக் காதைப் பிடித்துத்தான் பாதி நேரம் தூக்கிக்கொண்டு நடந்தாள். நல்லவேளை, காதும் குழாய்க்குள் தைத்ததுதான்.

பை நிறைந்ததும் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்பீர்கள். பாதி மிட்டாயை என் சட்டைப் பையில் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

நாங்கள் போயிருந்த நேரம் வாசலில் அத்தை. ஒரு பெரிய பையன் தலையணை உறையோடு வந்து நிற்க, "இம்மாம் பெரிய சாக்கா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவன் நண்பர்கள் எல்லோரும் வந்தார்களாம். ஏழரைக்கே மிட்டாய் காலி.

நவம்பர் 1, பிற்பகல்

பிரித்துப் பார்க்கும் வேலை. நாலு வயதுக்குக் கீழே கெட்டி மிட்டாய், முழுக் கடலை, பாப்கார்ன், சூயிங்கம் எல்லாம் தொண்டையில் அடைக்கும், முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு: மார்ஷ்மெல்லோ எல்லோருக்கும் தெரியும். ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன் இரண்டிலும் ஜெலட்டின் உண்டு. ஸ்கிட்டில்ஸில் இல்லை. ஸ்னிக்கர்ஸிலும் மில்கி வேயிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள். நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. அத்தையிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஸ்னிக்கர்ஸ் அவருக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் 2

"மிட்டாயில் பிளேடு, விஷம்" ஃபார்வர்டுகளை இங்கே ஒட்டாதீர்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுக் கால செய்திகளைத் துருவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் போட்ட மிட்டாயால் ஒரு குழந்தை செத்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் நடந்த விஷக் கொலை உண்மை, ஆனால் கொன்றது பெற்ற அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. பொட்டலம் பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அது போதும். அன்று ராத்திரி நிஜமான ஆபத்து கார்தான், டேப்பைத் தையுங்கள்.

நவம்பர் 4, திங்கள்

சாக்லேட் கறைக்கு: முதலில் காய்ந்ததைச் சுரண்டுங்கள், குளிர்ந்த தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலசி, பாத்திர சோப்பு. சுடுதண்ணீர் வேண்டாம். வாய்ப் பட்டையை உருவிவிட்டுத் துவைக்க, குழாய்த் தையலில் இரண்டு அங்குலம் தைக்காமல் விட்டிருந்தால் வசதி. விடாதவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள், நாலு தையல்தான்.

ஆறு வயதுப் பையனுக்கு அளவு கேட்டவருக்கு: முறை அதேதான், முட்டியிலிருந்து தரை, நாலு அங்குலம் கழி. அந்த வயதில் மடிப்பை ஓர் அங்குலமாக்கினால் பை உயரம் வந்துவிடும். வாய்ப் பட்டை தேவைப்படாது, அவர்கள் ஓடிக்கொண்டே வாங்குவார்கள். கைப்பிடிச் சதுரத்தை மட்டும் இரண்டு சுற்று தையுங்கள்.

கேள்வி கேட்டவர் கடைசியில் வாளிதான் வாங்கினாராம். கைப்பிடி கழன்றதா என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.